கீழ்வீட்டம்மா சொன்னது

எங்கள் வீட்டுச் சாமிக்கு ஆயிரம் வேலை இருந்திருக்கலாம். எனக்குத் தெரிந்து அது தவறாமல் செய்துவந்தது ஒன்றைத்தான். கண்ணைக் குத்துவது. புத்தகத்தை மிதித்தால் கண்ணைக் குத்தும். படைப்பதற்கு முன் வடையில் கை வைத்தால் குத்தும். பொய் சொன்னால் குத்தும், பெரியவர்களை எதிர்த்துப் பேசினால் குத்தும், செவ்வாய் வெள்ளியில் நகம் வெட்டினால்கூடக் குத்தும். இந்த அறிவிப்புகளையெல்லாம் வெளியிடுவது அம்மா. அம்மா தாம்பரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆறாம் ஏழாம் வகுப்புகளுக்கு அறிவியல் டீச்சர். கண்ணின் படத்தைக் கரும்பலகையில் அழகாக வரைந்து, கருவிழி, பாவை, விழித்திரை என்று அம்புக்குறி போட்டுப் பெயர் எழுதுவாள். வகுப்பில் யாராவது கேள்வி கேட்டால் முகம் மலர்ந்து, கேட்ட பிள்ளையை எழுந்து நிற்கச் சொல்லிக் கைதட்ட வைப்பாள். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போது அந்த வழக்கத்தையும் சேர்த்துக் கழற்றி விட்டுவிடுவாள்.

நானும் அதே பள்ளியில்தான் படித்தேன். அப்போது நான்காம் வகுப்பு. செம்பாக்கத்தில் ஒரு மாடி வீட்டின் மேல் போர்ஷனில் குடியிருந்தோம். கீழே வீட்டுக்கார அம்மா. எங்களுக்குள் அவரைக் கீழ்வீட்டம்மா என்போம். நேரில் எனக்கு ஆன்ட்டி. அந்தத் தெரு முழுக்க ஒரு காலத்தில் அவர் புகுந்த வீட்டாரின் வயல். வயல் மனைகளாகி, மனைகளில் எங்களைப் போன்ற மாதச் சம்பளக்காரர்கள் வந்து நிறைந்த பிறகும், அவர் பேச்சு மட்டும் நாற்று நட்ட காலத்திலேயே நின்றிருந்தது. கணவர் இறந்து வெகு காலம் ஆகியிருந்தது. ஒரே மகள். எனக்கு அக்கா.

அக்கா ஒரு கம்பெனியில் வேலை பார்த்தாள். ஸ்கூட்டி வைத்திருந்தாள். வெள்ளிக்கிழமை சாயங்காலமானால் என்னைப் பின்னால் உட்காரவைத்து ஏரிக்கரை அம்மன் கோயிலுக்கு அழைத்துப்போவாள். வழி நெடுகக் கேள்வி கேட்பேன். அம்மனுக்கு அம்மா யார், அபிஷேகம் செய்யும்போது குளிராதா, நாம் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் வேண்டிக்கொண்டால் யாருடையது முதலில் காதில் விழும். அக்கா எல்லாவற்றுக்கும் சிரித்துக்கொண்டே தெரியாது என்பாள். தெரியாது என்று ஒரு பெரிய ஆள் சொல்லிக் கேட்பது எனக்குப் புதிது. அதற்காகவே இன்னும் நான்கு கேள்வி கேட்பேன்.

அக்காவுக்குக் கல்யாணம் நிச்சயமாகி, பத்திரிகை அடித்து வந்தது. முதல் பத்திரிகையைச் சாமி காலடியில் வைக்க வேண்டும் அல்லவா? அவர்கள் குலதெய்வமும் ஓர் அம்மன்தான், கோயில் வண்டலூருக்கு அந்தப் பக்கம். எனக்கு எல்லா அம்மனும் ஒரே அம்மன். ஆயுத பூஜைக்கு முந்தின நாள் சீக்கிரம் வேலை முடிந்தது என்று அக்காவே ஸ்கூட்டியில் போய்ப் பத்திரிகையை வைத்துவிட்டுத் திரும்பினாள். விடுமுறைக்கு முந்தின சாயங்காலம் பெருங்களத்தூர் எப்படி இருக்கும் என்று இந்தப் பக்கத்து ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஊருக்குப் போகிற ஜனம் முழுவதும் மூட்டை முடிச்சோடு ரோட்டில் நிற்கும். பஸ்ஸுக்கும் லாரிக்கும் நடுவில் அக்கா விழுந்துவிட்டாள் என்றார்கள். அதற்கு மேல் என்னிடம் யாரும் சொல்லவில்லை.

மறுநாள் அக்காவோடு அவள் கையிலிருந்த மஞ்சள் பையும் வந்தது. அதில் உடைத்த தேங்காய் மூடி இரண்டு, வெற்றிலை, ஒரு குங்குமப் பொட்டலம், நான்கு மூலையிலும் மஞ்சள் தடவிய பத்திரிகை. அந்தக் குங்குமத்தைப் பூஜை அறையில் வைப்பதா, வெளியே கொட்டுவதா என்று வந்திருந்த பெண்களுக்குள் ஒரு பேச்சு எழுந்தது. பிரசாதம் ஆயிற்றே, கொட்டக் கூடாது என்றார் ஒருவர். தீட்டு ஆயிற்றே, வைக்கக் கூடாது என்றார் இன்னொருவர். கடைசியில் பை அப்படியே துளசி மாடத்தின் ஓரத்தில் கிடந்தது. கீழ்வீட்டம்மா அதைப் பார்த்துவிட்டார். மாரில் அடித்துக்கொண்டு அவர் அழுத அழுகை இன்னும் என் காதில் இருக்கிறது.

"அடி ஆத்தா, உனுக்குக் கண்ணில்லாம பூட்ச்சா? உன்னிய கும்புட்டுட்டு வந்த புள்ளடி அது! உனுக்குக் கண்ணே இல்லியாடி?"

சுற்றி இருந்த பெண்களும் சேர்ந்து அழுதார்கள். ஆமாம், அந்தச் சாமிக்குக் கண்ணில்லை என்று ஒருவர் விடாமல் சொன்னார்கள். என் அம்மாவும் சொன்னாள், நான் கேட்டேன். துக்க வீட்டில் எல்லாரும் சொல்கிற பேச்சு அது, யாரும் அதற்கு அர்த்தம் பார்ப்பதில்லை என்பது ஒன்பது வயதில் எனக்கு எப்படித் தெரியும்? பெரியவர்கள் இத்தனை பேர் கூடி ஒரு விஷயத்தைச் சொல்கிறார்கள், அதனால் அது உண்மையாகத்தான் இருக்கும் என்று எடுத்துக்கொண்டேன். ஒரு விதத்தில் நிம்மதியாகக்கூட இருந்தது. அம்மனுக்குக் கண் தெரியாது. அதனால்தான் லாரி வந்தது தெரியவில்லை. பாவம், அது என்ன செய்யும்?

அதன் பிறகு கீழ்வீட்டம்மா ஏரிக்கரைக் கோயில் பக்கமே போகவில்லை. கோயிலைக் கடந்து போக நேர்ந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு நடப்பார். தை பிறந்ததும் அம்மாவுக்கு மனசு கேட்கவில்லை. இப்படியே இருந்தால் பைத்தியம் பிடித்துவிடும், ஒரு தடவை வந்து நின்று பாருங்கள், ஆறுதலாக இருக்கும் என்று வற்புறுத்தி ஒரு வெள்ளிக்கிழமை அழைத்துப்போனாள். நானும் போனேன். அக்கா இல்லாமல் நான் அந்தக் கோயிலுக்குப் போனது அன்றுதான் முதல் தடவை.

அலங்காரம் நடந்துகொண்டிருந்ததால் சன்னதியில் திரை போட்டிருந்தது. கூட்டம் காத்து நின்றது. மணி அடித்து, திரை விலகி, பூசாரி கற்பூரத் தட்டைச் சுற்றினார். எல்லாரும் தாயே என்று கையைத் தலைக்கு மேல் தூக்கினார்கள். கீழ்வீட்டம்மா மட்டும் கையைத் தொங்கவிட்டு நின்றார். கற்பூர வெளிச்சத்தில் நான் அம்மனின் முகத்தைப் பார்த்தேன். முகத்தில் பாதிக்கு இரண்டு வெள்ளிக் கண்கள் பளபளத்தன. எத்தனையோ முறை பார்த்த கண்தான். அன்றைக்குத்தான் அது எனக்கு உறைத்தது. மணி நின்ற அமைதியில், கொஞ்சம் உரக்கவே கேட்டுவிட்டேன்.

"ஆன்ட்டி, சாமிக்குக் கண்ணு இருக்கே! இல்லன்னு சொன்னீங்க? அப்ப அக்கா விழுந்தப்போ பாத்துக்கிட்டுதானே இருந்திருக்கும்?"

பூசாரி கேட்காதவர்போல் அடுத்தவர் கையில் தீர்த்தம் ஊற்றினார். யாரோ உச் கொட்டினார்கள். கீழ்வீட்டம்மா என்னைப் பார்த்தார். பிறகு அம்மனைப் பார்த்தார். அவர் அழவில்லை. "ஆமா கண்ணு, பாத்துக்கினுதான் இருந்திருக்கா" என்றார், பக்கத்து வீட்டுக்காரியைப் பற்றிச் சொல்வதுபோல.

அதற்குள் என் கன்னத்தில் அறை விழுந்தது. அம்மா என்னை அதற்கு முன் வெளியிடத்தில் அடித்ததில்லை.

"வாயை மூடு! என்ன பேச்சு இது? கன்னத்துல போட்டுக்கோ. சாமி கண்ணைக் குத்திடும்!"

போட்டுக்கொண்டேன். பதினொரு தோப்புக்கரணமும் போடவைத்தாள். கூட்டம் பார்த்துக்கொண்டிருந்தது. முடிந்ததும் அம்மா என் கையை இறுக்கிப் பிடித்து வெளியே இழுத்துப்போனாள். அது கோபத்தில் என்று நினைத்தேன்.

மாசி மாதமாக இருக்க வேண்டும், மொட்டை மாடியில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தபோது கொசு பறந்தது. கையால் அடித்தேன். கையில் ஒன்றும் இல்லை. மறுபடி பறந்தது. இடது கண்ணை மூடினால் இருந்தது, வலது கண்ணை மூடினால் இல்லை. கொசு கண்ணுக்குள் இருந்தது. சில நாளில் அந்தக் கண்ணின் ஓரத்தில் மின்னல் வெட்டியது. அதற்குப் பிறகு மூக்குப் பக்கம், கீழ் மூலையில் ஒரு நிழல் வந்து உட்கார்ந்தது. வலி கொஞ்சமும் இல்லை. வலித்திருந்தால் கத்தியிருப்பேன். யாராவது என்னைத் தூக்கிக்கொண்டு ஓடியிருப்பார்கள்.

எனக்குச் சந்தேகமே எழவில்லை. சாமிக்குக் கண் இருக்கிறதா என்று கேட்டேன், சாமி என் கண்ணை எடுத்துக்கொள்கிறது. கணக்கு அவ்வளவு சரியாக இருந்தது. தெரியாமல் போனது ஒன்றுதான். இதை எப்படி வெளியில் சொல்வது? கண் தெரியவில்லை என்று சொன்னால், நான் என்ன தப்பு செய்தேன் என்று கேட்பார்கள். எங்கள் வீட்டில் கண் போவதற்கு வேறு காரணமே கிடையாது.

காலையில் எல்லாருக்கும் முன்னால் எழுந்து, கூடத்துச் சுவரில் தொங்கிய தினசரிக் காலண்டருக்கு நேராக நிற்பேன். இடது கண்ணைப் பொத்திக்கொண்டு வலது கண்ணால் பார்ப்பேன். முதலில் அடி வரியில் இருந்த எமகண்டம் மறைந்தது. அடுத்த வாரம் ராகு காலம் போயிற்று. பிறகு நல்ல நேரம். சித்திரை மாதம் தேதியின் பாதி போய்விட்டது. நிழல் கீழிருந்து மேலே ஏறியது, சன்னதியில் திரையைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுப்பதுபோல. ஒரேயடியாகக் குத்தாமல், நான் திருந்துகிறேனா என்று பார்த்துப் பார்த்துச் சாமி குத்துகிறது என்று புரிந்துகொண்டேன். குளியலறையில் கதவைச் சாத்திக்கொண்டு தோப்புக்கரணம் போட்டேன். எனக்கு மிகவும் பிடித்த வடையை விட்டேன். பள்ளிக்குப் போகும்போதும் வரும்போதும் வழியில் இருக்கும் எந்தச் சாமியையும், பெட்டிக்கடைப் படத்தில் இருப்பதைக்கூட, விடாமல் கும்பிட்டேன். குழந்தைக்குப் பக்தி வந்துவிட்டது என்று அம்மா அப்பாவிடம் சந்தோஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

நான் யாரிடமும் கேட்கவில்லை என்று சொல்ல முடியாது. மூன்று பேரிடம் கேட்டேன்.

முதலில் அம்மாவிடம். அவள் பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தாள். சாமி நிஜமாகவே குத்துமா என்று கேட்டேன். சிவப்புப் பேனாவை நிறுத்தாமலே, தப்பு பண்ணினவங்களைத்தான் குத்தும், நீ ஏன் பயப்படற, ஏதாவது தப்பு பண்ணினியா என்றாள். இல்லை என்றேன். அது ஒரு பொய். அந்த வாரம் காலண்டரில் இன்னும் ஒரு வரி போயிற்று.

அப்பாவிடம் கேட்டது பைக்கில், சானடோரியம் சிக்னலில் நிற்கும்போது. சாமி கோபப்பட்டால் அப்புறம் சரியாகுமா என்றேன். எங்கள் அப்பா யாருக்கும் மனம் நோகாமல் பேசத் தெரிந்தவர். "மனசார மன்னிப்புக் கேட்டா போதும்டா, சாமி எல்லாத்தையும் சரி பண்ணிடும். வேற யார்கிட்டயும் சொல்லக்கூட வேண்டாம்" என்றார். பச்சை விழுந்தது, கிளம்பிவிட்டோம். அப்பாவின் பதில்தான் என்னை அதிகமாகக் கட்டிப்போட்டது. மனசார என்றால் எவ்வளவு என்று தெரியாமல், ஒவ்வொரு நாளும் முந்தின நாளைவிடக் கூடுதலாக மனசாரக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

மூன்றாவது, ஊரப்பாக்கத்து மாமா. அம்மாவின் தம்பி. சாமி கும்பிடாதவர், அதில் அவருக்குப் பெருமை உண்டு. கோடை விடுமுறைக்குப் போயிருந்தபோது, இவரிடம்தான் கேட்க வேண்டும் என்று தோன்றியது. சாமி இல்லை என்றால் கண்ணை யார் குத்துவார்கள் மாமா என்று கேட்டேன். எவ்வளவு பயத்தோடு கேட்டேன் என்று எனக்குத்தான் தெரியும். மாமா விழுந்து விழுந்து சிரித்தார். அன்றைக்கு வந்தவர் போனவர் எல்லாருக்கும் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். போனில் அம்மாவைக் கூப்பிட்டு, "சயின்ஸ் டீச்சர் வளர்த்த புள்ளையைப் பாருக்கா" என்றார். சாமியும் கிடையாது பூதமும் கிடையாது, போய் விளையாடு என்று என்னை அனுப்பிவைத்தார். அம்மாவிடம் சாமி இருந்தது, கேள்வி கூடாது. மாமாவிடம் சாமி இல்லை, அதனால் கேள்வியும் தேவையில்லை. எதற்காகக் கேட்கிறாய் என்று இரண்டு பேரும் கேட்கவில்லை.

நான்காவதாகக் கேட்டிருக்கக் கூடியவர் கீழே இருந்தார். என் கேள்விக்கு அடிக்காமல் பதில் சொன்னவர் அவர் ஒருவர்தான். ஆனால் அவரிடம் பேசித்தானே இந்த வினை வந்தது என்று அவர் வீட்டு வாசலை ஓடிக் கடந்துவிடுவேன். பாப்பா, முறுக்கு கீது வா என்று அவர் கூப்பிட்டாலும் நிற்க மாட்டேன்.

ஜூன் மாதம் பள்ளி திறந்து, நான் ஐந்தாம் வகுப்புக்குப் போன சில வாரத்தில் கண் பரிசோதனை முகாம் வைத்தார்கள். வரிசையைப் பார்த்துக்கொள்ளும் வேலை அம்மாவுக்கு. எனக்கு முன்னால் இருபது பேராவது நின்றார்கள். ஒவ்வொருவரும் படிக்கப் படிக்க அந்த எழுத்து அட்டையை மேலிருந்து கீழ்வரை மனப்பாடம் செய்துவிட்டேன். என் முறை வந்தது. இடது கண்ணைப் பொத்தினார்கள். கடகடவென்று ஒப்பித்தேன். சோதித்த பெண் சிரித்துக்கொண்டே, அட்டையை எப்போதோ எடுத்தாயிற்றே பாப்பா என்றார். வரிசை முழுவதும் சிரித்தது. அம்மாவும் சிரித்தாள்.

"விளையாடாதடி. டீச்சர் பொண்ணுன்னா இப்படியா? ஒழுங்கா சொல்லு."

அந்தப் பெண் இப்போது சிரிக்கவில்லை. கையை நீட்டி எத்தனை விரல் என்றார். மூன்று என்றேன். இப்போது எத்தனை? இரண்டு என்றேன். பொத்தியிருந்ததை எடுத்துவிட்டுப் பார்த்தபோது அந்தப் பெண்ணின் இரண்டு கைகளும் அவர் மடியில் இருந்தன. அம்மா வரிசையை விட்டுவிட்டு என்னிடம் வந்துகொண்டிருந்தாள்.

அன்றைக்கே நகரத்துக்குள் ஒரு பெரிய கண் ஆஸ்பத்திரிக்குப் போனோம். சொட்டு மருந்து விட்டு, இருட்டறையில் உட்காரவைத்து, கண்ணுக்குள் வெளிச்சம் அடித்து மூன்று டாக்டர்கள் பார்த்தார்கள். பெரிய டாக்டர் வயதானவர். சில குழந்தைகளுக்கு விழித்திரை பிறவியிலேயே மெலிசாக இருக்கும், கிழிந்து கழன்றுகொள்ளும், யார் மேலும் தப்பில்லை என்றார். அப்பா தலையாட்டிக்கொண்டே இருந்தார். அப்படியானால் அவர்களுக்கும் திரை என்றுதான் பெயர் தெரிந்திருக்கிறது என்று நான் நினைத்துக்கொண்டேன்.

"ஆரம்பத்துலயே வந்திருந்தா காப்பாத்தியிருக்கலாம். ஆபரேஷன் பண்ணிப் பாக்கலாம். பெரிசா நம்பிக்கை குடுக்க மாட்டேன்" என்றார் டாக்டர். பிறகு நாற்காலியை என் பக்கம் திருப்பினார். "இவ்ளோ நாள் ஏம்மா யார்கிட்டயும் சொல்லல?"

இனி மறைப்பதற்கு ஒன்றும் இல்லை. சாமி குத்திடுச்சு என்றேன்.

டாக்டர் மெதுவாக, சாமி அப்படியெல்லாம் குத்தாதும்மா, யார் உனக்கு இப்படிச் சொன்னது என்று கேட்டார்.

அம்மாவைப் பார்த்தேன். என் ஆஸ்பத்திரிக் காகிதங்களை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்திருந்தாள். பரீட்சையில் பார்த்து எழுதி மாட்டிக்கொண்ட பிள்ளைகள் ஹெட்மிஸ்ட்ரஸ் அறைக்கு வெளியே அப்படித்தான் நிற்பார்கள். என் அம்மாவை அந்த இடத்தில் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. உண்மையைச் சொன்னால் இவர்கள் எல்லாரும் அம்மாவைத் திட்டுவார்கள். யார் பெயரையாவது சொல்லியாக வேண்டும். ஏற்கெனவே அழுதுகொண்டிருக்கிறவரை யாரும் திட்ட மாட்டார்கள் என்பது என் எண்ணம். மகளே செத்துவிட்டாள், அதற்கு மேல் அவருக்கு என்ன வந்துவிடப் போகிறது?

"கீழ்வீட்டு ஆன்ட்டி" என்றேன்.

அம்மா ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். அப்பா அவளைப் பார்த்தார். வாயை மூடிக்கொண்டாள். நான் சொன்னது சரியாக வேலை செய்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது.

ஆபரேஷன் நடந்தது. டாக்டர் சொன்னபடி இரண்டு வாரம் குப்புறப் படுத்துக் கிடந்தேன். கட்டைப் பிரித்த பிறகு அந்தக் கண்ணுக்குப் பகலா இரவா என்பது மட்டும் தெரிந்தது. இன்று வரைக்கும் அவ்வளவுதான். நான் வீடு திரும்பிய பின் வந்த ஞாயிற்றுக்கிழமை காலை, அப்பா கீழே இறங்கிப் போனார். கத்துகிறவர் இல்லை அவர். அன்றைக்கும் கத்தவில்லை. மாடிப்படித் திருப்பத்தில் துவைத்த துணி வாளியோடு அம்மாவும், அவள் சேலையைப் பிடித்துக்கொண்டு நானும் நின்றோம். கீழே பேசுவது தெளிவாகக் கேட்டது.

"உங்க கஷ்டம் எங்களுக்குப் புரியாம இல்லம்மா. அதுக்காகச் சின்னக் குழந்தைகிட்ட என்ன வேணா பேசிடறதா? சாமி கண்ணைக் குத்தும்னு சொல்லி பயமுறுத்தி வெச்சிருக்கீங்க. இப்ப அவளுக்கு ஒரு கண்ணே போயிடுச்சு."



"நானா சார்?" என்றது கீழ்வீட்டம்மாவின் குரல். பிறகு, "எம் பொண்ணு போன நாள்லேர்ந்து எதெதோ பேசினு கீறேன் சார். எந்த வாயால இன்னா சொன்னேன்னு எனுக்கே நெனப்பு இல்ல. சொல்லியிருப்பேன் சார். நான்தான் சொல்லியிருப்பேன். ஐயோ, அந்தப் புள்ளைய என் வாய் முழுங்கிட்ச்சே!"

அம்மா வாளியைத் தூக்கிக்கொண்டு மொட்டை மாடிக்கு ஏறினாள். துணிகளை ஒவ்வொன்றாக உதறிக் காயப்போட்டாள். கிளிப் மாட்டினாள். அந்த நாளைப் பற்றி இன்று வரை நானும் அம்மாவும் ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை. எங்கள் வீட்டில் சாமி அதன் பிறகு யார் கண்ணையும் குத்தவில்லை.

இரண்டு நாள் கழித்துப் பள்ளியிலிருந்து வரும்போது கீழ்வீட்டம்மா படிக்கட்டில் காத்துக்கொண்டிருந்தார். என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். கை சில்லென்று இருந்தது. என் வலது கண்ணையே பார்த்தார்.

"நான் சொன்னேனா கண்ணு? நெஜமா நான்தான் சொன்னேனா?"

இல்லை என்று சொல்ல ஒரு நொடி போதும். மேலே எங்கள் கதவு திறந்திருந்தது. அம்மா சமையலறையில் பாத்திரம் உருட்டுகிற சத்தம் கேட்டது. நான் ஆமாம் என்றேன். அவர் என் தலையில் கை வைத்துக்கொண்டு நின்றார். பிறகு உள்ளே போய்விட்டார்.

அதற்கடுத்த வெள்ளிக்கிழமை கீழ்வீட்டம்மா தானாகக் கோயிலுக்குப் போனார். அடுத்த வெள்ளியும் போனார். மூன்றாவது வெள்ளி, கடைக்குப் போய்விட்டு வரும் வழியில் எட்டிப் பார்த்தேன். சன்னதிக்கு நேரே நின்றார். என் பெயரையும் நட்சத்திரத்தையும் சொல்லி, வெள்ளியில் ஒரு ஜோடி கண்மலர் வாங்கித் தட்டில் வைத்திருந்தார். பூசாரி அதை எடுத்துப் போய் அம்மன் காலடியில் வைத்தார். கீழ்வீட்டம்மா கையை மாற்றி மாற்றிக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். மற்றவர்களைப் போல மூன்று தடவையோடு நிறுத்தவில்லை. நான் பார்த்துக்கொண்டிருந்தவரை நிறுத்தவேயில்லை. தப்புதான் தாயே, கேட்டது தப்புதான் என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தார்.

ஓடி வந்து அம்மாவிடம் சொன்னேன். அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

"அம்மா, ஆன்ட்டி இப்பல்லாம் சாமியைத் திட்டறதே இல்ல. கோயிலுக்கு வந்து கன்னத்துல போட்டுக்கறாங்க."

அம்மா கழுநீருக்குள் கையை வைத்தபடி அசையாமல் நின்றாள். கேட்கவில்லையோ என்று இன்னொரு தடவை உரக்கச் சொன்னேன். அவள் திரும்பவேயில்லை. நல்ல செய்தி சொன்னால் அம்மா ஏன் இப்படி நிற்கிறாள் என்று எனக்கு விளங்கவில்லை. ஆன்ட்டிக்கும் சாமிக்கும் இருந்த சண்டை ஒரு வழியாகத் தீர்ந்துவிட்டது என்று நினைத்தேன். அதைத் தீர்த்துவைத்ததில் எனக்கும் பங்கு இருக்கிறது என்று கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.